பாஸ்போட் சைஸ் படங்களின் வரலாறு

ஒவ்வொரு வருடமும் யூலை மாதம் வந்தால் எங்கள் எல்லாருடைய போனுக்கும் அந்தப் படம் வந்துவிடும். 1983 யூலையில் பொறளை பஸ் நிலையத்தில் எடுக்கப்பட்ட படம். உடுப்புகள் களையப்பட்ட ஒரு தமிழர் ஒடுங்கிப் போய்க் குந்தியிருக்கிறார். சுற்றி நிற்கும் இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். படத்தைப் பகிர்கிறவர்கள் சில வேளைகளில் அவருடைய பெயரைப் போடுவார்கள். படத்தில் குந்தியிருப்பவரின் பெயரைப் போட்டு ஒருவரும் பகிர்ந்து நாங்கள் கண்டதில்லை.

இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பகிரலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு நாள் விவாதம் வந்தது. அப்போது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "பயம் எண்டா எங்களுக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வருது. ஆனா அம்மம்மாட்டக் கேட்டா அவ இதைச் சொல்ல மாட்டா. கொழும்பில ஐசியைத் துலைச்ச அண்டு பின்னேரத்தைத்தான் சொல்லுவா."

அந்த ஒரு வசனத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை வந்தது. கலவரம், குண்டுவீச்சு, இடப்பெயர்வு போன்றவற்றுக்குப் பத்திரிகையின் முன்பக்கத்தில் படம் வரும். ஆனால் ஒவ்வொரு நாளும் சட்டைப் பையைத் தடவிப் பார்க்க வைத்த பயத்துக்கு எங்கே படம் இருக்கிறது? யோசித்துப் பார்த்தால், அது எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில், சிரிக்காத முகத்தோடு, நாலு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்றை உறையில் போட்டு வைத்த பாஸ்போட் சைஸ் படங்கள்தான் அவை. கொஞ்சம் பழைய இடத்திலிருந்து தொடங்குவோம்.

பெயரில்லாத முகங்கள்

ஓ.எல். வரலாற்றுப் புத்தகத்தில் கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் என்று பாடமாக்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், ஒளிப்பட வரலாற்றில் மிக முக்கியமானவர். இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் படம் எடுத்தவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இங்கே வந்து குடியேறினார்கள். 1879இல் திக்கோயாவில் ஜூலியா இறந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் கொஞ்சப் படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் களுத்துறைப் பக்கத்துக் கிராமத்தவர்களும் இருக்கிறார்கள். களுத்துறையில் எடுத்த ஒரு குழுப் படத்துக்கு அவர் நீளமான தலைப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பெண்பிள்ளைக்கு 12 வயது என்பதும், தன்னை அவளின் தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு 100 வயது என்கிறார் என்பதும் தலைப்பிலேயே உண்டு. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயர் மட்டும் தலைப்பில் இல்லை. இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவற்றில் முகம் மட்டும் இருக்கிறது.

இதற்காக அந்தப் பெண்மணி ஒருவரை மட்டும் குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாற்றே போன்ற நிறுவனங்கள் பிறகு படத் தபாலட்டைகளை ஆயிரக்கணக்கில் அடித்து விற்றன. கொழுந்து பறிக்கும் பெண், மூக்குத்தி போட்ட பெண், கூலிகள் என்று வகை வகையாகப் போனார்கள் எங்கள் ஆட்கள், ஆளாகப் போகவில்லை. தபாலட்டையில் தோட்டம் பச்சையாகவும் அழகாகவும் இருக்கும். அந்தப் பெண் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் பேர் போடமாட்டார்கள் என்பதும், கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது என்பதும் அந்தப் படத்தில் விழாது.

சீட்டு, பத்திரம், குரூப் போட்டோ

படத்தில் பெயர் இல்லாதவர்களைத் தோட்டம் எப்படி அடையாளம் வைத்தது? துண்டு என்று ஒரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி கடனில்லாமல் விலகுகிறார், அல்லது இவ்வளவு கடனோடு விலகுகிறார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த சின்னத் தகரச் சீட்டும் கொடுக்கப்பட்டது. வழியில் ஆள் தவறினால் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று தகரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சுதந்திரம் வந்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கேதான் பிறந்தவர் என்று பத்திரத்தோடு காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்த எத்தனை பேருக்கு அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவு இருந்தது? அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது கணக்கு இப்படி இருந்தது: 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் என்ற நிலைமைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஹட்டனைச் சேர்ந்த எங்கள் தோழியின் வீட்டில் அந்தக் காலத்துக் குரூப் போட்டோ ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் பாதிப்பேருக்கு இந்தியா என்று வந்துவிட்டது. கோச்சி ஏறுவதற்கு முதல் எல்லாரும் டவுனுக்குப் போய் ஸ்ரூடியோவில் எடுத்த படம். அந்தக் கோச்சிகளுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். படத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரி இழுத்திருக்கிறார்கள். பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டு வரைந்திருக்கிறது. யார் போகிறவர், யார் நிற்கிறவர் என்று பார்த்தால் தெரியாது.

தோழி சொன்னாள்: "பாட்டிக்கிட்ட கேட்டேன். ஒம்பது பேருல ஏழு பேர சொல்லிச்சி. மத்த ரெண்டு பேரும் ஞாபகத்துல இல்லன்னு சொல்லிருச்சி. இனிமே யாருகிட்ட போயி கேக்குறது?"

"ஐசி இருக்கா?"

ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். முகமும் பெயரும் இலக்கமும் ஒரே அட்டையில் சேர்ந்தது அப்போதுதான். தபாலட்டையில் பெயரில்லாமல் போன முகத்துக்குக் கடைசியாகப் பெயர் வந்தது என்று சந்தோசப்படலாம். ஆனால் அந்தப் பெயரைச் சந்தேகிப்பதற்கான கருவியாகவும் அதே அட்டை மாறியது.

பழைய அட்டையின் இலக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். சென்றியில் நிற்கிற ஆமிக்காரனுக்கு இலக்கத்தைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். இருபதுகளில் இருக்கிற தமிழ்ப் பெடியன் என்றால் மற்றக் கேள்விகள் தொடங்கும். எழுத்தும் கதை சொன்னது. 2014இல் எல்லாருக்கும் இரண்டு மொழியில் கொடுக்கத் தொடங்கும்வரை, வடக்குக் கிழக்குக்கு வெளியே கொடுத்த அட்டைகளில் சிங்களம் மட்டும்தான். வடக்குக் கிழக்கு அட்டையில் தமிழும் இருந்தது. ஆகவே கொழும்பில் நீங்கள் அட்டையை நீட்டிய உடனேயே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். தமிழ் எழுத்து இருப்பது உரிமை. அந்த உரிமையே காட்டிக்கொடுக்கவும் செய்தது.

எங்கள் வீடுகளில் ஐசி பற்றிய கதைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். குளிக்கப் போனாலும் ஐசி பக்கத்தில். சைக்கிளில் கடைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா முதலில் சொல்வது, "ஐசி எடுத்தனியே?" காசைப் பற்றிப் பிறகுதான் கேட்பா. ரவுண்டப் என்றால் ஊரிலுள்ள ஆம்பிளையள் எல்லாரும் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வரிசையில் இருக்கவேண்டும். முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராகப் போகவேண்டும். அட்டை சரியாக இருந்தாலும் தலை ஆடினால் முடிந்தது. பார்க்கிறவனுக்கு முகமில்லை, பார்க்கப்படுகிறவனுக்கு முகம் மட்டும்தான் இருந்தது.

பாஸ் முறையை ஆமி மட்டும் வைத்திருக்கவில்லை. 1990களில் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்குக்குப் போகப் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். அங்காலே போனால் வவுனியாவில் அரசாங்கத்தின் பாஸ், அதிலும் நாட்கணக்கு, மாதக்கணக்கு என்று பல வகை. இடம்பெயர்ந்த ஒருவர் போட்ட வழக்கில், 2002இல் உயர் நீதிமன்றம் இந்த முறை நடமாடும் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போகிறவர்கள் திரும்பவும் கிளியரன்ஸ் எடுக்க வரிசையில் நின்றார்கள். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். ஐசி இருந்தது, பொலிஸ் பதிவும் பலரிடம் இருந்தது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பத்திரம் எல்லாம் சரியாக இருந்தாலும் பாதுகாப்பு இல்லை என்பதை அந்த ஒரு விடியற்காலை காட்டியது.

அல்பத்தில் இல்லாத வருடங்கள்

வட பகுதி வீடுகளில் குடும்ப அல்பத்தைத் திறந்து பாருங்கள். கலியாணப் படங்கள், எண்பதுகளில் பிறந்த பிள்ளைகளின் முதலாம் பிறந்தநாள் கேக். பிறகு தொண்ணூறுகளில் படங்கள் சட்டென்று குறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் மண்ணெண்ணெயும்கூடக் கஷ்டம். மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போட் சைஸ் படங்கள். சந்தோசத்துக்கு எடுக்க வசதி இல்லாத காலத்திலும், காட்டுவதற்கு எடுக்கவேண்டி இருந்தது.

எடுத்த படங்களும் போன வழிகள் பல. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒக்ரோபர் கடைசியில் வடக்கு முழுவதிலும் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் துரத்தப்பட்டார்கள். பணம், நகை, காணி உறுதி எல்லாம் பறிபோன நேரத்தில் அல்பத்தை யார் நினைத்திருப்பார்கள்? சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். இந்த இரண்டு திகதிகளையும் எங்கள் ஆட்கள் ஒன்றாக வைத்துப் பேசுவது குறைவு. இரண்டாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். முதலாவது எங்கள் தெருக்களிலேயே நடந்தது என்பதை எங்களில் பலர் பள்ளிக்கூடம் முடிந்த பிறகுதான் அறிந்தோம். பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளையோடு நிற்கும் பழைய வகுப்புப் படம் யாருடைய வீட்டிலாவது இருந்தால், அது ஒரு சாட்சி.

2004 மார்கழி 26 சுனாமி கரையோரத்து அல்பங்களைக் கொண்டுபோனது. 2009இல் வன்னியில் இடம் மாறி மாறி ஓடியபோது, சூட்கேசை விட்டு பையோடும், பையை விட்டுப் பிள்ளையோடும் போனவர்கள் படங்களை வழியில் விட்டார்கள். வேறு சிலர் தாங்களாகவே எரித்தார்கள், புதைத்தார்கள். சீருடையோடு மகன் நிற்கும் படம் வீட்டில் இருந்தால் மிச்சப் பிள்ளைகளுக்கு ஆபத்து. எடுப்பதற்குப் பயம், வைத்திருப்பதற்கும் பயம். போரின் கடைசிக் காலத்தில் கட்டாயமாகப் பிடித்துப் போகப்பட்ட பிள்ளைகளின் வீட்டாருக்கு இது இரட்டைக் கொடுமை. விரும்பி எடுக்காத படத்துக்கும் அவர்களே பொறுப்புச் சொல்லவேண்டி இருந்தது.

பெருப்பித்த படம்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி றோட்டோரத்தில் இருந்து போராடத் தொடங்கினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்தின வருடமே வந்திருந்தது. கொட்டிலில் தொங்கிய படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிறையப் படங்கள் ஐசிக்கோ வேறு விண்ணப்பத்துக்கோ எடுத்தவை. நீலத் திரை, நேரான கழுத்து, சிரிக்காத முகம். ஒன்றரை அங்குலப் படத்தைப் பெருப்பிக்கும்போது கண்ணும் மூக்கும் மங்கிப் புள்ளிப் புள்ளியாகிவிடும். சில படங்கள் கலியாணக் குரூப்பிலிருந்து வெட்டி எடுத்தவை, தோளில் யாரோ ஒருவருடைய கை மட்டும் மிஞ்சியிருக்கும். சிலது பள்ளிக்கூடக் காலத்துப் படம். காணாமல் போன வயதுக்கும் படத்திலுள்ள வயதுக்கும் பொருந்தாது. ஒரு படமும் மிஞ்சாதவர்களுக்குப் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள்.

சோதிப்பதற்காக எடுக்கப்பட்ட படம் இங்கே கேள்வி கேட்கிறது. "இவன் யார்?" என்று அரசு கேட்க எடுத்த அதே படத்தை வைத்து, "இவன் எங்கே?" என்று தாய் அரசைக் கேட்கிறாள். எங்களிடம் மட்டும் இப்படி நடக்கவில்லை. 1977 ஏப்ரலில் புவனஸ் அயர்ஸ் நகரத்தின் மே சதுக்கத்தில் கூடத் தொடங்கிய ஆர்ஜென்ரினத் தாய்மாரும் அடையாள அட்டைப் படங்களைப் பெருப்பித்துத்தான் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி 1984இல் தொடங்கியது. தெற்கில் ஜேவிபிக் கிளர்ச்சி காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் 1990இல் தங்கள் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். மொழி வேறு, கையிலிருந்த படத்தின் சைஸ் ஒன்று.

2017இல் கொட்டிலில் இருந்த தாய் தகப்பன்மாரில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய படங்களும் இப்போது பக்கத்தில் தொங்குகின்றன. லமினேற் செய்த படங்கள் வெயிலில் நீலம் பாரித்துப் போகின்றன. புதுப் பிரதி எடுப்பதற்கு மூலப்படம் வேண்டும். மூலப்படம் எந்த உறையில் இருக்கிறது என்று தெரிந்தவர் அந்தத் தாய் மட்டுமாக இருந்தால்?

பின்பக்கம்

இது முடிந்துபோன கதை என்று நாங்கள் நினைக்கவில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் பெண்களின் முகம் சோதனைக்குரியதானது. யாருடைய முகத்தைச் சந்தேகிப்பது என்பது மட்டும் மாறியது, வரிசை மாறவில்லை. 2022இல் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வைத்த வரிசைகளை நாங்களே போனில் எடுத்தோம். அந்த வருடம் பெற்றோல் எடுக்க வந்த கியூஆர் அட்டைக்கும் பெயர் பாஸ்தான். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார்: "திரும்பவும் பாஸோ?" அந்தச் சிரிப்பு எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எங்கள் போன்களில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வரிசைப் படங்களில் நின்றவர்களின் பெயரை நாங்களும் எழுதவில்லை. 1878இல் களுத்துறையில் நடந்ததையே நாங்களும் செய்திருக்கிறோம்.

ஆகவே ஒரு சின்ன வேலை. இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அலுமாரியிலுள்ள அந்த உறையை எடுங்கள். அம்மம்மாவோ அப்பப்பாவோ பாட்டியோ பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேளுங்கள். இது ஆர், எந்த வருஷம், எந்த ஸ்ரூடியோ, எதுக்கு எடுத்தது? எதுக்கு எடுத்தது என்பதை மறக்காமல் கேளுங்கள். பாஸுக்கா, ஐசிக்கா, வெளிநாட்டுக்கா, ஏஜென்சிக்காரனுக்கா? அந்தப் பதிலில்தான் வரலாறு இருக்கிறது. பதிலைப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். சொல்ல விரும்பாத படம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அதைத் திருப்பி உறைக்குள் வைத்துவிடுங்கள்.

ஹட்டன் தோழி ஏழு பெயரையும் எழுதிவிட்டாள். மற்ற இரண்டு பேரும் இரண்டாவது வரிசையில், இடது பக்கம், பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நேரே இரண்டு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறாள். இந்தியாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அந்தப் படத்தை அனுப்பிக் கேட்பதாக இருக்கிறாள்.